கைரேகை சொன்னபடி பையனைப் படிக்க வைக்கலாமா?

கரூர் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகன் ஆங்கில வழியில் 6ஆம் வகுப்பு படிக்கிறான். இளையவளுக்கு 4 வயது. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு வந்தால் திங்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார். கடிதம் எழுதிய தாய் வீட்டிலிருந்தே தையல் தைக்கிறார். தமிழ் வழியில் 10ஆம் வகுப்பு வரை படித்தவர். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்று வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இருவர், பையனின் பத்து விரல்களையும் ஸ்கேன் செய்து 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சில நாள் கழித்து வண்ண அறிக்கை வந்தது. “உங்கள் மகன் பார்த்துக் கற்கும் வகை. படித்தும் கேட்டும் கற்கும் திறன் குறைவு” என்று அதில் இருந்தது. அதே ஆட்கள் அவனுடைய ‘வகைக்கு ஏற்ற’ வீடியோ ஆப் ஒன்றை மாதிரிக்கு என்று போனில் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு டேப்லெட்டும் ஆப்பும் சேர்ந்த இரண்டு வருடப் பேக்கேஜ் 62,000 ரூபாய் என்றார்கள். 5,000 முன்பணம், மீதி மாதத் தவணை. கணவரின் ஆதார், பான், ஓடிபி எல்லாம் கொடுத்தாயிற்று. டேப்லெட் இன்னும் வரவில்லை.

ஆப் வந்ததிலிருந்து பையன் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறான். கேட்டால் “ஈஸிம்மா, எல்லாம் புரியுது” என்கிறான். வகுப்புத் தேர்வில் கணக்கில் 25க்கு 7. புத்தகத்தை எடுக்கச் சொன்னால் தலைவலி. கரும்பலகையைப் பார்த்து எழுதிவருவதில் பாதி வரிகள் காணவில்லை. வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்துப் போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொள்கிறான். “டிவிக்குப் பக்கத்துல ஒட்டி உக்காந்துதான் பாப்பான். அதனால அவங்க சொன்னது சரிதானோன்னும் தோணுதுங்க” என்று எழுதியிருக்கிறார். போனைப் பிடுங்கிப் போடு என்கிறார் மாமியார். காசு கட்டியாயிற்று, படிக்கட்டும் என்கிறார் கணவர். “எனக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தக் கணக்கும் தெரியாது. அவனாப் படிச்சாத்தான் உண்டு. அவனால தானாப் படிக்க முடியுமா?” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பையனை ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிவியை ஒட்டி உட்காருகிறான், பலகையில் இருப்பதைப் பாதிதான் எழுதுகிறான், படித்தால் தலை வலிக்கிறது. இந்த மூன்றையும் நீங்கள் கடிதத்தில் வெவ்வேறு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் படித்த எனக்கு முதலில் தோன்றியது அவனுக்குக் கண்ணாடி தேவைப்படலாம் என்பதுதான். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் பிள்ளை அதைச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். கையில் போன் இருந்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும், அதில் ஆசையாக உட்காரும். அதைப் பார்த்துவிட்டுப் ‘பார்த்துக் கற்கும் வகை’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். கண்ணாடிக் கடையில் மெஷினில் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அப்படிப் பார்த்தால்தான் பவர் சரியாகத் தெரியும். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். காதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

கண் சரியாக இருந்து, அல்லது கண்ணாடி போட்ட பிறகும், வாசிப்பு தடுமாறினால் அது வேறு விஷயம். தமிழ்ப் பத்தி ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரி தாவுகிறானா, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறானா, தெரிந்த சொல்லையே ஊகித்து வேறொன்றாகச் சொல்கிறானா என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் மொழிப் பழக்கம் போதவில்லை என்று கொள்ளலாம். தமிழிலும் அதே தடுமாற்றம் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற சலுகைகள் உண்டு. அவனுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் விட்டால், 9ஆம் வகுப்பில் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிய பிறகுதான் தெரியவரும். அப்படி வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அந்த அறிக்கையைப் பற்றி

கைரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது, மூளையும் அதே காலத்தில் வளர்கிறது, ஆகவே விரலைப் பார்த்து மூளையைச் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து வராது. அதே மாதங்களில்தான் காதுமடலும் உருவாகிறது, காதைப் பார்த்துக் கணக்கு வருமா என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அறிக்கையில் ‘பன்முக நுண்ணறிவு’ என்று எட்டு வட்டங்கள் போட்டிருப்பார்கள். அது, அறிவு ஒன்றல்ல, பல வகை என்று ஹோவர்டு கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் முன்வைத்த கருத்து. அந்தக் கருத்தில் விரல் ரேகைக்கு இடமே இல்லை. தன்னுடைய கருத்தை ‘கற்கும் வகை’யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவரே பிற்பாடு எழுதியும் இருக்கிறார்.

சரி, விரலை விடுவோம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்ற பிரிவு உண்மைதானே என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடங்களிலும், ஆசிரியர் பயிற்சிகளிலும்கூட இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதால் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2008இல் ஹரால்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். ‘பார்த்துக் கற்பவர்’ என்று முத்திரை விழுந்த பிள்ளைக்குப் படமாகக் காட்டினாலும், ‘கேட்டுக் கற்பவர்’ என்ற பிள்ளைக்கு வாயால் சொன்னாலும் மற்ற வழியைவிட அதிகம் ஏறுகிறதா என்பதுதான் அவர்கள் பார்த்தது. அப்படி ஏறுகிறது என்று நம்பும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விருப்பம் உண்டு. என் முன்னால் உட்காரும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் வீடியோதான் பிடிக்கும் என்பார்கள். பிடித்த வழியில் காட்டினால் நன்றாக ஏறும் என்பதுதான் நிரூபணமாகவில்லை.

எந்த வழி என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. காவிரி எங்கே தோன்றி எந்தெந்த மாவட்டம் வழியாகப் போகிறது என்பதை யாராக இருந்தாலும் வரைபடத்தில் பார்த்தால்தான் பதியும். ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுத்தான் பழக வேண்டும். பின்னக் கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். அறிக்கையின் பெரிய கெடுதல் 4,500 ரூபாய் போனது இல்லை. ‘எனக்குப் படிக்க வராது, நான் பார்க்கிற வகை’ என்று 11 வயதில் அவன் நம்பத் தொடங்கியிருப்பதுதான். அந்தத் தாளை அவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். “அது சும்மா விரல் பாத்து அடிச்சு விட்டது கண்ணு” என்று ஒருமுறை சொல்லியும் விடுங்கள்.

‘எல்லாம் புரியுது’ என்பதற்கும் 7 மதிப்பெண்ணுக்கும் நடுவே

நீங்கள் அனுப்பிய நோட்டுப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான். அடுத்ததில் 3/8 + 1/4 = 4/12. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். எல்லாக் கணக்கிலும் ஒரே தவறு, ஒரே மாதிரி. இது கவனக்குறைவு கிடையாது. பின்னம் என்றால் ஒரே எண், கீழே இருப்பது எத்தனை சம பங்காகப் பிரித்தோம் என்று சொல்கிறது என்பது அவனுக்கு 4ஆம், 5ஆம் வகுப்பிலேயே பிடிபடவில்லை. 6ஆம் வகுப்பு வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அந்த இடத்துக்கு இறங்கி வராது.

அப்படியானால் வீடியோவைப் பார்த்து ஏன் புரிகிறது என்கிறான்? பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனுக்குப் புரிகிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, பாடத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை வெறும் தாளில் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னே இருந்தார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான். உங்கள் பையனின் “ஈஸிம்மா” அந்த நம்பிக்கைதான். நீங்கள் தையல் தெரிந்தவர், இது உங்களுக்கே தெரியும். இன்னொருவர் ப்ளவுஸ் வெட்டுவதைப் பத்து முறை பார்த்தாலும், கத்தரிக்கோல் நம் கைக்கு வரும்போதுதான் கைக்குழி வெட்ட வருமா என்று தெரியும்.

ஆகவே வீடியோவைக் குறை சொல்லி நிறுத்திவிட வேண்டாம். பார்க்கும் நேரத்தைக் குறைத்து, பார்த்த பிறகு செய்வதைக் கூட்டுங்கள்.

டெக்னாலஜி எங்கே உதவுகிறது

மாமியார் சொல்வதில் நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. நல்ல மென்பொருள் பிள்ளையைத் தூக்கிவிட்ட உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி முடிந்த பிறகு மையங்களில் பயன்படுத்திய பிள்ளைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெகாந்திரோ கனிமியான் ஆகிய மூவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அங்கே 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மென்பொருள் யாரையும் பார்க்கும் வகை, கேட்கும் வகை என்று பிரிக்கவில்லை. முதலில் சோதித்து, பிள்ளை 3ஆம் வகுப்புக் கணக்கில் நிற்கிறான் என்றால் 3ஆம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. எந்தத் தவறைச் செய்கிறான் என்று பார்த்து அடுத்த கேள்வியைக் கொடுத்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினி. மீதிப் பாதி ஒரு ஆள் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது.

பிள்ளையைத் தன் வேகத்தில் படியேற விடுவது ஏதோ இப்போது வந்த புதுமை என்று உங்களிடம் விற்க வந்தவர் சொல்லியிருப்பார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன செயல்வழிக் கற்றல் அதுதான். பாட அட்டைகளும், எதற்குப் பின் எது என்று காட்டும் ஏணிப் படமும் வைத்து, மின்சாரமே இல்லாமல் செய்தார்கள். உங்கள் நாத்தனார் பிள்ளைகள் யாராவது அந்த வருடங்களில் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கேட்டுப் பாருங்கள், அட்டைப் படங்களை இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

ஒரு ஆப்பை எடை போட எனக்கு மூன்று கேள்விகள் போதும். தொடங்கும் முன் சோதித்து, தேவைப்பட்டால் கீழ் வகுப்புக்கு இறங்குகிறதா? பார்க்கச் சொல்வதைவிடப் பதில் போடச் சொல்லும் நேரம் அதிகமா? தவறு செய்தால் ‘தவறு’ என்று சிவப்பு காட்டுவதோடு நில்லாமல் ஏன் தவறு என்று சொல்கிறதா? நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் உங்கள் ஆப் மூன்றிலும் தேறவில்லை. 62,000 ரூபாய்க்கு அது வேண்டாம். வீடியோவே வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் மணற்கேணி செயலியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரைக்குமான பாட வீடியோக்கள் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியில் தமிழ்நாடு பாடநூல் என்றால், புத்தகத்தில் அச்சடித்திருக்கும் கியூஆர் கோடையே ஸ்கேன் செய்யலாம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க”

உங்கள் கடிதத்தில் இந்த வரி மூன்று இடங்களில் வருகிறது. எனக்கு இதில்தான் உடன்பாடு இல்லை.

டெல்லி கல்காஜியில் 1999இல் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்து, குப்பத்துப் பிள்ளைகள் தாங்களாகவே கற்கிறார்களா என்று பார்த்த சுகதா மித்ராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். ‘பிள்ளை தானே கற்கும், ஆள் தேவையில்லை’ என்று விளம்பரம் செய்பவர்கள் அவரைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அவரே பிறகு காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில் ஒரு சோதனை செய்து 2010இல் எழுதினார். தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தைத் தாங்களாகவே கொஞ்ச தூரம் புரிந்துகொண்டார்கள். அதற்கு மேல் நகரவில்லை. பிறகு அந்தப் பாடமே தெரியாத ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னால் நின்று, “அட, இது எப்படிச் செஞ்சீங்க? எனக்கும் சொல்லுங்க” என்கிற தோரணையில் கேட்டுக்கொண்டும் வியந்துகொண்டும் இருந்தார். பிள்ளைகளின் மதிப்பெண் டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு வந்தது. மித்ராவின் முடிவுகளை ஏற்காத கல்வியாளர்களும் இருக்கிறார்கள், அந்தச் சோதனை சிறியது. ஆனாலும் தானாகக் கற்பதற்கு வாதாடியவரே, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தபோதுதான் பிள்ளைகள் அடுத்த படி ஏறினார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண் செய்ததை நீங்கள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம். மாலையில் ஒரு பாடம், ஒரு வீடியோ, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வெள்ளைத்தாளைக் கொடுத்து, பார்த்ததில் நினைவிருப்பதை எழுதவோ வரையவோ சொல்லுங்கள். பிறகு உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில வரியை மனப்பாடமாக ஒப்பித்தால் புரியவில்லை. முட்டுகிற இடத்துக்கு மட்டும் வீடியோவைத் திரும்பப் போடட்டும். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை, வேறு வேலையாக இருக்கும்போது, சும்மா கேளுங்கள்.

பின்னக் கணக்கு உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். 1/2 + 1/3 = 2/5 என்று அவன் காட்டினால் விடை தெரிய வேண்டியதில்லை. “பாதித் தோசை தட்டுல வெச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் வெச்சேன். இப்பத் தட்டுல பாதிக்கு மேல இருக்குமா, கீழ இருக்குமா?” என்று கேளுங்கள். மேலே என்பான். “அப்ப உன்னோட அஞ்சுல ரெண்டு பாதிக்கு மேலயா?” அவ்வளவுதான், யோசிக்க ஆரம்பிப்பான். ஒரே அளவுள்ள இரண்டு தோசைகளில் ஒன்றை மூன்றாகவும் மற்றதை இரண்டாகவும் வெட்டி வைத்து, இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக ஆக்க ஆறாக வெட்ட வேண்டும் என்று அவன் கண்டுபிடிக்கட்டும். சமையலறையில் அரை மணி நேரம் போகும், பரவாயில்லை. அதை முடித்துவிட்டு 4ஆம் வகுப்புப் பின்னப் பாடத்திலிருந்து தினமும் ஐந்து கணக்கு. கீழ் வகுப்புப் புத்தகத்தைத் தொடக் கூச்சப்படுவான், அட்டை போட்டுக் கொடுங்கள்.

ஏஐயைப் பற்றி ஒரு சொல். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கணக்குப் பயிற்சியின்போது ஏஐயைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஏஐயை வைத்திருந்தவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு நன்றாகச் செய்தார்கள். அதை வாங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு மோசமாகச் செய்தார்கள். குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த ஏஐயிடம் இந்தக் கெடுதல் பெரும்பாலும் இல்லை. இந்தச் சேவைகள் பலவும் 13 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை என்பதால் உங்கள் போனில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பயன்படுத்த வேண்டும். கணக்கை அவன் முதலில் போட்டுவிட்டு, “விடையைச் சொல்லாதே, நான் எங்கே தவறு செய்தேன் என்று மட்டும் தமிழில் சொல்” என்று கேட்கட்டும்.

கடன் விஷயம்

அவசரம் கருதி இதை மட்டும் கடிதம் கிடைத்த உடனேயே உங்களுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, பணம் பெரிதாகச் சிக்கினால் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

‘மாதத் தவணை’ என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் கணவர் பெயரில் கொடுத்த கடன். ஆப் கம்பெனிக்கு முழுப் பணமும் போய்விடும், நீங்கள் நிதி நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். ஆப்பை அழித்துவிட்டாலோ, வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை மட்டும் நிறுத்திவிட்டாலோ கடன் ரத்தாகாது. தவணை தவறியதாகப் பதிவாகி, நாளை நகைக்கடனோ வண்டிக் கடனோ கேட்கும்போது இடிக்கும். டிஜிட்டல் கடன்களில் வாங்கியவர் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் வெளியேறக் குறுகிய கால அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. அது கடன் தாளில் எழுதியிருக்கும், பெரும்பாலும் சில நாள் கணக்கில்தான் இருக்கும். அதற்குள் என்றால் நிதி நிறுவனம், ஆப் கம்பெனி இரண்டுக்கும் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில், மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடன் தாளே கையில் இல்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். வாயால் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

அவகாசம் தாண்டிவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. டேப்லெட்டே இன்னும் வரவில்லை, ஆதாரமற்ற சோதனையைக் காட்டி விற்றார்கள் என்பதெல்லாம் முறையீட்டுக்கு உரியவை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போகலாம். இணையக் கல்வி நிறுவனங்களிடம் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுக்கும் முன் யோசிக்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது. அதைக் கணவருக்குச் சொல்லுங்கள். அவர் ஏமாந்துவிட்டார் என்ற தொனி வராமல் சொன்னால் கேட்பார். ‘காசு கட்டியாச்சு’ என்பதற்காக இன்னும் 57,000 கட்ட வேண்டியதில்லை என்று மட்டும் புரிந்தால் போதும்.

பையனின் பத்து விரல் ஸ்கேனையும் அழிக்கச் சொல்லி அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாள, சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. இருந்தாலும் ஒப்புதலை விலக்கிக்கொள்வதாக எழுதிவைப்பது நல்லது. பள்ளி வாசலில் மேஜை போட அனுமதித்தது யார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால், பணம் கட்டிய வேறு இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

பாப்பாவுக்குப் பாதி விலையில் அதே சோதனையை எடுத்துத் தருகிறோம் என்றார்களாமே. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு நாலு வயதுதான். அந்த வயதில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதைவிடக் குறைந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. அண்ணன் வீடியோ பார்க்கும் நேரத்தில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும். பையனின் கண் பரிசோதனைச் சீட்டும், அவன் தமிழில் வாசிக்கும்போது நீங்கள் கவனித்ததும் கிடைத்த பிறகு மறுபடி எழுதுங்கள். வாசிப்பைச் சோதிக்க எங்கே போவது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.